சேறு பிரிக்கும் மெஷினுக்கு ஓர் ஆயுத பூஜை

மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது மல்லிகை வாசம்.

அடுத்த நொடி கருகிய கிரீஸ் நாற்றம். இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் ஓரடி பின்னால் வந்துவிட்டேன். ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கன்னிவாடிக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில், ஓர் எம்-சாண்ட் கிரஷரின் தகரக் கொட்டகை. வெளியே வேலை எதுவும் நடக்கவில்லை. லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் வாழைக்கன்று வாடிக் கிடந்தது.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு வரி: நான் மெக்கானிக்கல் படித்தவள். கல்தூளையும் தண்ணீரையும், களிமண்ணையும் தண்ணீரையும் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ் மெஷின்களை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. வீடு திண்டுக்கல் மேட்டுப்பட்டியில். கம்பெனி கோயம்புத்தூரில். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில்தான் என் பாதி வாழ்க்கை.

எதைப் பார்த்தாலும் மனசுக்குள் வரிசை எண் போடுவது என் பழக்கம். அன்றும் போட்டேன்.

ஒன்று, டிரம் முழுக்கப் புதிதாகக் கிளிப்பச்சை பெயின்ட். இரண்டு, அதன்மேல் சந்தனப் பட்டை, குங்குமப் பொட்டு. மூன்று, மூடியின் உள்பக்கம் அரைபட்டு அப்பியிருந்த மல்லிகை, அறுந்த நார். நான்கு, இடப்பக்க பேரிங் இருந்த இடத்தில் சூட்டில் நீலம் பாய்ந்த இரும்பு.

ஐந்தாவது கண்ணில் படக் கொஞ்ச நேரம் ஆனது. மெஷின் அளவுக்கு மீறி அதிர்ந்தால் தானாக நிறுத்தும் ஒரு சுவிட்ச் உண்டு. அதன் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

பின்னால் ஆபரேட்டர் பாண்டி நின்றிருந்தான். என்னைவிடச் சில வயது பெரியவன். இருந்தாலும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவான்.

"பெயின்ட்டு நானே அடிச்சது மேடம்" என்றான். "பொண்ணுக்குச் சீல கட்டுன மாதிரி இருந்துச்சு. இப்பத்தேன் இப்புடி ஆயிருச்சு."

வாஷிங் மெஷின் மேல் அம்மா

டிரம் என்றால் என்ன, அது ஏன் இப்படிக் கெட்டது என்று சொல்ல எனக்கு எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை விட்டால் வேறு உதாரணம் கிடையாது.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்பா அதை வாங்கிப் போட்டார். துவைக்கிற தொட்டி ஒரு பக்கம், பிழிகிற தொட்டி ஒரு பக்கம். பிழிகிற தொட்டி சுற்றும்போது துணி ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும், தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே தெறித்துவிடும். சென்ட்ரிஃபியூஜும் அவ்வளவுதான். துணிக்குப் பதில் கல்தூள். சேற்றுத் தண்ணீரை ஒரு டிரம்முக்குள் விட்டுப் படுவேகமாகச் சுற்றினால் கனமான தூள் டிரம்மின் சுவரில் போய் ஒட்டும். உள்ளேயே சுற்றும் ஒரு திருகு அதை வழித்து ஒரு பக்கம் தள்ளும். தெளிந்த தண்ணீர் மறுபக்கம் வழியும்.

ஒரு சனிக்கிழமை அம்மா பிழிகிற தொட்டியில் நனைந்த பெட்ஷீட்டை ஒரே பக்கமாகத் திணித்துவிட்டாள். மெஷின் தடதடவென்று குதித்துப் பாத்ரூமை விட்டு வெளியே நடந்து வர ஆரம்பித்தது. அம்மா ஓடிப்போய் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்கும்மா! நிறுத்திட்டுத் துணியச் சரி பண்ணும்மா!" என்று நான் கத்தினேன்.

"நிறுத்துனா மறுக்கா மொதல்லருந்து சுத்தணும்டி. செத்த நேரம் பொறு, முடிஞ்சிரும்."

அப்பா பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். "ஏசப்பா! ஒங்கம்மா குதிர சவாரி கெளம்பிட்டாடி" என்றார்.

அன்று அந்த மெஷினின் பெல்ட் அறுந்தது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பெல்ட்டைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதனால் சிரிக்க முடிந்தது.

அரிசி கழுவிய தண்ணீர்

கிரஷரின் முதலாளி தங்கவேல். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். பேச்சில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. கோபம் வந்தாலும் "என்னங்க இது, அறிவில்லீங்களா" என்றுதான் திட்டுவார்.

கல்லை உடைத்து மணலாக்கினால் அதோடு மாவு மாதிரி ஒரு தூளும் வரும். அந்தத் தூள் இருந்தால் கட்டட மேஸ்திரிகள் மணலை வாங்க மாட்டார்கள். அதனால் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளையாக, கொழகொழவென்று வரும். வேலை செய்கிறவர்கள் அதை 'ஸ்லரி' என்பார்கள். தங்கவேல் அதைக் கொட்டகைக்குப் பின்னால் வெட்டிய ஒரு பெரிய குழியில் விட்டு வைத்திருந்தார். குழிக்குத் தளம் கிடையாது. சுற்றிலும் மண்கரை மட்டும்.

குழிக்குக் கீழே சரிவில் ஆரோக்கியமேரியின் மல்லிகைத் தோட்டம்.

ஆரோக்கியம் அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி பிரித்தவர். கணவர் லோடு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். திருப்பூர் வேண்டாம் என்று வந்து, அம்மா வீட்டுப் பங்காக வந்த நிலத்தில் இந்தச் செடிகளை வைத்தார். விடிகாலையில் பறித்த மொட்டு, நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும் வேனில் ஏறிவிடும். தோட்டம் போனால் மறுபடி திருப்பூர்தான். வேறு வழி கிடையாது. அதை அவர் மறைத்துப் பேசியதே இல்லை.

"அந்தக் கம்பெனிக்குள்ள பஞ்சு பறக்கும் தாயி. மூச்சுக்குள்ள போய் ஒக்காந்துக்கும். இங்கன வந்த பெறகுதேன் எனக்கு இருமல் நின்னுச்சு" என்று ஒருமுறை சொன்னார்.

குழித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிட்டது. மோட்டார் போட்டால் வெள்ளையாக வரும். அந்தத் தூள் காய்ந்தால் வேரைச் சுற்றிச் சிமெண்ட் பூசிய மாதிரி ஆகிவிடும். சொட்டு நீர்க் குழாய்களின் கண் அடைந்தது. இலை மஞ்சளித்தது. மொட்டு சிறுத்தது. வேன்காரர் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, காத்த அனுப்புறீகளா?" என்று கேட்டாராம்.

அக்கா கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனுவோடு போனார். ஒருமுறை அல்ல, அங்கே வாசலில் இருந்த போலீஸ்காரர் முகம் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குப் போனார். ஒரு நாள் நேராகக் கிரஷருக்கே வந்து, கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து தங்கவேலின் மேஜைமேல் வைத்தார்.

"குடிங்க மொதலாளி. ஒரே ஒரு மடக்கு."

"ஏனுங்க, அதெப்படிங்க குடிக்கிறது?"

"ஏஞ் செடி தெனம் குடிக்குதுல்ல?"

இதைப் பாண்டிதான் எனக்குச் சொன்னான். மனுவுக்குப் பயந்தாரோ சொம்புக்குப் பயந்தாரோ, அந்தக் கோடையில் எங்கள் கம்பெனிக்குப் போன் வந்தது. தெளிய வைக்கிற தொட்டிகள் கட்ட அவரிடம் இடம் இல்லை. ஒரு லாரி நிற்கிற இடத்துக்குள் அடங்கக்கூடியது சென்ட்ரிஃபியூஜ் ஒன்றுதான். வடக்கே ஒரு களிமண் ஆலையில் ஓடிய பழைய மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்துக் கொடுத்தோம்.

அதை நிறுவ வந்த அன்று அக்கா வரப்பில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதேன் இஞ்சினியரா தாயி? ஆம்பளையாளு யாரும் வரலையா?"

"நான்தான்க்கா."

"அதுஞ்செரிதேன். ஆம்பளையளா வந்து பாத்துட்டுப் போனவுக எல்லாம் டீ குடிச்சிட்டுப் போனதோட சரி." பிறகு குரல் இறங்கியது. "ஐப்பசி மழைக்குள்ள இது ஓடணும். போன வருசமே கர ஒடையிற மாதிரி நின்னுச்சு. இந்த வருசம் ஒடஞ்சா, எனக்குச் செடி கெடையாது."

கிணறு தெளிந்த காலம்

ஓடியது. நன்றாகவே ஓடியது.

முதல் நாள் வெளியேறும் குழாய்க்குக் கீழே ஒரு வெள்ளை பக்கெட்டை வைத்தோம். கலங்கலாக வந்தது, பிறகு மங்கலாக வந்தது, பிறகு பக்கெட்டின் அடியிலிருந்த கம்பெனி முத்திரை தெரிந்தது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் தட்டுக் கூடையைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். மறுபக்கம் தூள், ஈரக் களி மாதிரிக் கட்டி கட்டியாக விழுந்தது. தங்கவேல் அதில் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "புட்டு மாதிரி இருக்குதுங்க அம்மிணி" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு மேடத்திலிருந்து அம்மிணியானேன்.

இனி குழிக்கு ஒரு சொட்டும் போகாது. தெளிந்த தண்ணீர் திரும்ப மணல் கழுவவே போகும். குழியிலிருந்த பழைய சேற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மெஷினில் விட்டோம். குழி பாதியாக இறங்கியது.

ஆவணி பிறந்ததும் அக்கா போன் செய்தார். வழக்கமாக அவர் போனில் முதலில் கேட்பது "சாப்டியா தாயி". அன்று அதைக் கேட்கவில்லை.

"கெணத்துல அடிப்படி தெரியுது" என்றார். "இறங்கிப் போறதுக்கு வெட்டுன கல்லுப் படி. ரெண்டு வருசமா அது இருக்கதே மறந்துபோச்சு எனக்கு."

அடுத்த முறை போனபோது செடிகளில் புதுத் தளிர். சொட்டுக் குழாய்களைக் கழற்றி அமிலத்தில் ஊறப்போட்டு, அக்கா ஒவ்வொரு கண்ணையும் ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் குத்தினேன். பாண்டி மேலிருந்து கத்தினான்: "அக்கா, எங்க மேடத்துக்குக் கூலி உண்டா?"

"ஒனக்கு வேணா தாரேன், எறங்கி வாலே. மெஷினு பக்கத்துல ஒக்காந்து தூங்குறதுக்கு நீயி எதுக்கு?"

"மெஷினு தூங்க விட்டாத்தானக்கா! கொழந்த மாதிரி பாத்துக்கிறேன்."

அது பொய்யில்லை. மெஷினைத் தினமும் துடைப்பான். எண்ணெய் அளவு பார்ப்பான். சுவரில் நான் ஒட்டியிருந்த தாளில் இருப்பதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பான். நிறுத்துவதற்கு முன் சேற்றை நிறுத்து. நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவு. தெளிந்து வந்த பிறகு மோட்டாரை அணை. கழுவாமல் நிறுத்தினால் உள்ளே இருக்கும் சேறு அடியில் இறங்கிக் கல்லாகிவிடும். டிரம் ஒரு பக்கம் கனத்துவிடும். பெட்ஷீட் கதையை அவனுக்கும் சொல்லியிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

பூஜை நாளில்

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பார்கள். லாரி ரிம், தராசு, தண்ணீர்த் தொட்டி, மண்வெட்டிக் காம்பு. துரு இருந்த இடத்தில் பெயின்ட், துரு இல்லாத இடத்திலும் பெயின்ட். அந்த வருடம் அந்தக் கிரஷரில் எல்லோருக்கும் பிடித்த மெஷின் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

நான் அந்த லீவுக்கு வீட்டில் இருந்தேன். அம்மாவும் நானும் வேளாங்கண்ணிக்குப் போய்வந்தோம். நடந்ததைத் திரும்பி வந்த பிறகு, அந்தக் கொட்டகையில், கருகிய டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாண்டியிடம் கேட்டேன்.

"நிறுத்துறப்ப உள்ள கழுவுனீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். "தண்ணி மோட்டாருக்கு அப்பத்தேன் பெயின்ட்டு அடிச்சிருந்துச்சு மேடம். ஈரம். போட்டா சூட்டுல பெயின்ட்டு பொங்கிரும்னாய்ங்க. சரி, காலைல கழுவிக்கலாம்னு நிறுத்திட்டோம்."

"காலைல?"

"காலைல பூஜ. பொங்க வச்சு, தேங்கா ஒடச்சு, ஐயரு வந்து… நல்ல நேரம் முடியிறதுக்குள்ள போடணும்னு மொதலாளி பறந்தாரு. கழுவுறது ஞாபகமே வரல மேடம்."

வெளிப்பக்கம் துடைத்து, பெயின்ட் அடித்து, பொட்டு வைத்து, உள்ளே டிரம்முக்கும் ஒரு சரம் சுற்றி மூடியைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூ ஆரோக்கியம் அக்கா கொடுத்தது. ஆயுத பூஜைக்கு நிலக்கோட்டையில் மல்லிகை என்ன விலைக்குப் போகும் என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். அன்று பறித்த முதல் கூடையை அவர் வேனில் ஏற்றவில்லை. தானே கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்.

"‘மாதா கோயிலுக்குப் போற வேதக்காரி, பூஜைக்குப் பூவோட வந்துட்டா’ன்னு ஒருத்தன் கிண்டல் பண்ணுனான் மேடம். ‘ஏலே, சாமி ஒனக்கும் எனக்கும் வேற. கெணறு ஒண்ணுதானடா’ன்னுச்சு அக்கா."

சூடம் காட்டி, பட்டனைத் தட்டினார்கள். டிரம் வேகம் பிடித்ததும் மெஷின் நடுங்கியது. சுவிட்ச் அணைத்துவிட்டது. மறுபடி தட்டினார்கள். மறுபடி அணைந்தது.

பூஜை போட்ட நிமிடத்தில் மெஷின் நிற்கிறது. தேங்காய்த் தண்ணீர் தரையில் இன்னும் காயவில்லை. தங்கவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நான் டேப் சுற்றிய ஒயரைக் காட்டினேன். "இதை யார் கட்டினது?"

"எலக்ட்ரீசியன் மேடம்."

"யார் கட்டச் சொன்னது?"

பாண்டி வெளியே பார்த்தான். சரிவில் தோட்டம் தெரிந்தது. நீலப் புடவை ஒன்று செடிகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

"அக்காதேன் மேடம்" என்றான் மெதுவாக. "ஒயரக் கட்டச் சொல்லல. அதுக்கு ஒயரு கியரு என்ன தெரியும்? ‘இன்னைக்கு நின்னா வருசம் பூரா நிக்கும்ப்பா. எப்புடியாச்சும் செத்த நேரம் ஓட்டிருங்க. ஏங் கெணறு இதுலதேன் இருக்கு’ன்னு அழுதுருச்சு. கையெடுத்துக் கும்புட்டுச்சு. மொதலாளி பாத்தாரு. ‘ஓட்டுங்கடா’ன்னுட்டாரு."

ஓட்டினார்கள். கழுவாத சேறு ஒரு பக்கம் கல்லாய் உறைந்த டிரம், தடுக்கிற சுவிட்ச் இல்லாமல் முழு வேகத்தில் சுற்றியது. பொங்கல் பானை நடுங்கியதாம். எல்லோரும் கை தட்டினார்களாம். பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம், புகை.

நான் அன்று அங்கே இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அந்த நாளில், அந்தக் கூட்டத்தில், அழுதுகொண்டு கும்பிடுகிற ஒருவருக்கு எதிரில், "நிற்கட்டும், நாளை கழுவிவிட்டு ஓட்டலாம்" என்று ஒரு பெண் சொன்னால் அது யார் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி

பேரிங் மட்டும் போயிருந்தால் மாற்றிவிடலாம். டிரம்மின் தண்டே தேய்ந்திருந்தது. கழற்றி, கோயம்புத்தூருக்கு அனுப்பி, கடைந்து, மறுபடி எடை சமன் பார்த்து வர வேண்டும். தண்டோடு சேர்ந்த ஒரு பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. நான் தினமும் போன் செய்தேன். தினமும் ஒரே பதில்.

தங்கவேலிடம் கழுவுகிற வேலையை நிறுத்தச் சொன்னேன். ஒரு வாரம் நிறுத்தினார். பிறகு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட லோடுகள் இருக்கிறதென்றார். "கொஞ்சமாத்தானுங்க விடறேன். குழி பாதி காலியாத்தானுங்க இருக்குது."

அக்கா தினமும் சாயங்காலம் மேலே வருவார். மெஷின் இருந்த காலி இடத்தைப் பார்ப்பார். "எப்ப வரும் தாயி?" என்று என்னைக் கேட்பார், நான் இல்லாத நாளில் போனில் கேட்பார். அது ஏன் கெட்டது என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மழை வழக்கத்தை விட முந்தியும் வரவில்லை, பிந்தியும் வரவில்லை. வர வேண்டிய நேரத்துக்கு வந்தது. மூன்று நாள் விடாமல் மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் குழியில் சேர்ந்தது. நாலாம் நாள் காலையில் பாண்டி போன் செய்தான். "மேடம், கர…" என்று ஆரம்பித்தான். நான் உடனே பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கரை ஒரு மாட்டுவண்டி நுழையும் அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. கீழே மல்லிகைத் தோட்டம் இல்லை; ஒரு வெள்ளைத் தரை இருந்தது. செடிகளின் நுனி மட்டும் அதிலிருந்து எழும்பி நின்றது. கிணறு விளிம்பு வரை பால் மாதிரி நிறைந்திருந்தது. அக்காவின் கணவர் லாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். மண்வெட்டியோடு ஒரு செடியைச் சுற்றித் தோண்டிப் பார்த்தார். எங்கே வெட்டினாலும் களி. கொஞ்ச நேரம் கழித்து மண்வெட்டியைக் குத்தி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

அக்கா அழவில்லை. "அலசி விட்டா வருமா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு அவரே, "எந்தத் தண்ணிய வச்சு அலசுறது?" என்றார்.

தெளிந்த தண்ணீர்

டிரம் கார்த்திகையில் வந்து சேர்ந்தது. நானும் பாண்டியும் கோயம்புத்தூர் ஆட்களும் சேர்ந்து மாட்டினோம். பெயின்ட் அடிக்கவில்லை. பட்டனைத் தட்டியதும் அது முனகலே இல்லாமல் வேகம் எடுத்தது. மூடியின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். தண்ணீரில் ஒரு வளையம்கூட விழவில்லை. இத்தனை வருட வேலையில் இவ்வளவு அழகாக ஓடிய மெஷினை நான் பார்த்ததில்லை. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

குழாயில் தெளிந்த தண்ணீர் விழ ஆரம்பித்த நேரத்தில் ஆரோக்கியம் அக்கா வந்தார். முழங்கை வரை காய்ந்த சேறு. காலையிலிருந்து செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார் என்று பாண்டி சொல்லியிருந்தான். மார்கழி பிறப்பதற்குள் திருப்பூருக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. பழைய கம்பெனியிலேயே கூப்பிட்டிருந்தார்கள்.

அவர் குழாயில் கையை நீட்டினார். சேறு கரைந்து வழிய, கை வெளுக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் தாயி. மழுப்பாமச் சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"அன்னைக்கு அது ரெண்டாந்தடவ நின்னுச்சுல்ல. அப்புடியே விட்டிருந்தா பொழச்சிருக்குமா?"

தங்கவேல் என்னைப் பார்த்தார். பாண்டி தரையைப் பார்த்தான். மூடியைத் திறந்து உள்ளே இருந்த சேற்றைச் சுரண்டிக் கழுவியிருந்தால் மறுநாளே ஓடியிருக்கும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம் என்று ஒரு பக்க மனசு இன்று வரை சொல்கிறது. ஆனால் கலெக்டர் ஆபீசில், இந்தக் கொட்டகையில், போனில் என்று அத்தனை வருடமாக எல்லோரிடமும் மழுப்பலைக் கேட்டே ஓய்ந்தவர் அவர்.

"பொழச்சிருக்கும்க்கா" என்றேன்.

அவர் குழாயிலிருந்து கையை எடுத்தார்.

தங்கவேல் ஓரடி முன்னால் வந்தார். "ஏனுங்க, நான் ஒண்ணு சொல்றேனுங்க. நீங்க சொன்னீங்க, ஓட்டுனது நானுங்க. குழிக்குத் தளம் போடாதது நானுங்க. நிறுத்துங்கன்னு அம்மிணி சொல்லியும் மண்ணக் கழுவுனது நானுங்க. சேறு என்னுதுங்க. ஒங்க மேல இதுல ஒண்ணுமே இல்லீங்க." அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் மொதலாளி" என்றார் அக்கா. "அத நீங்க கெணத்துல படி தெரிஞ்சப்பவே சொல்லிக் கர கட்டியிருக்கணும்."

பிறகு அவர் பாண்டியிடம் போனார். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அக்கா அவன் தோளைத் தட்டினார்.

"ஏலே, இங்க பாரு. எனக்குக் கீழ இன்னும் நாலு பேரு தோட்டம் கெடக்கு. இந்த மெஷினு நிக்கணும்னு நின்னா நிக்க விட்ரு. மொதலாளி சொன்னாலும் ஓட்டாத. பூஜையா இருந்தாலும் ஓட்டாத. யாராச்சும் அழுது கும்புட்டாலும் ஓட்டாத. நானே வந்து கும்புட்டாலும் ஓட்டாத."

"சரிக்கா."

"சரின்னா? வாயத் தொறந்து சொல்லு."

"ஓட்ட மாட்டேன்க்கா."

அதைக் காதால் கேட்ட பிறகுதான் அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சரிவில் இறங்கினார், மிச்சமிருந்த செடிகளைப் பிடுங்க.